தையல் ஆறும் வரை தெரிந்த கதையே போதும்!

"சிரிக்காதீங்க டாக்டரய்யா... தையல் பிரிஞ்சிரப் போகுது!"

என் வைத்தியசாலையில் மருந்து மடித்துக் கொடுக்கிற பையன் என்னைப் பார்த்துப் போட்ட கூச்சல் இது. 2019-ல் எனக்கு ஓர் ஆபரேஷன் நடந்தது. வலது பக்கம் குடலிறக்கம். ஹெர்னியா என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 'ஊருக்கெல்லாம் கஷாயம் கொடுக்கிற சித்த வைத்தியரே கத்திக்குப் படுத்துட்டாரே!' என்று பாளையங்கோட்டையில் நாலு பேர் பேசினார்கள். பேசட்டும். தசையில் விழுந்த ஓட்டையைக் கஷாயம் அடைக்காது. அதைத் தைத்து, வலை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். தவிர, சித்த மருத்துவத்தில் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று படித்தோமே... அந்தப் புறமருந்து வரிசையில் அறுவையும் உண்டு. ஆகவே நான் கட்சி மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்!

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம், "அப்பா, போரடிக்குமே" என்று என் மகன் லேப்டாப்பில் 'காதலிக்க நேரமில்லை' படத்தைப் போட்டுவிட்டுப் போனான். ஸ்ரீதரின் 1964-ம் வருஷத்துப் படம். நாகேஷ் கதை சொல்ல, பாலையா கேட்க... அந்தக் காட்சி உங்களுக்கே தெரியும். நூறு தடவை பார்த்த காட்சிதான். நூற்றியோராவது தடவையும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த விநாடி, அடிவயிற்றில் யாரோ சூட்டுக்கோலை வைத்து இழுத்த மாதிரி ஒரு வலி! சிரிப்பை அடக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்த நர்ஸம்மா ரொம்ப நிதானமானவர். தலையணையை எடுத்துத் தையல் மேல் வைத்து, "இதை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிட்டுச் சிரிங்க ஸார். இருமினாலும் தும்மினாலும் இதேதான்" என்றார். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோருக்கும் நான் இப்போது சொல்கிற முதல் யோசனை இதுதான். சிரிப்பதால் தையல் சாதாரணமாகப் பிரிந்துவிடாது. ஆனால் வலிக்கும். முதல் வாரம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற படங்களைத் தள்ளி வையுங்கள். புன்னகைக்கிற அளவில் இருந்தால் போதும்.

வாசகர்களே, பத்தியம் என்றால் புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, பாகற்காய் கூடாது என்று வாயைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கண்ணுக்கும் காதுக்கும் ஒரு பத்தியம் வேண்டாமா? படுக்கையில் கிடக்கிறவர் சாப்பிடுவது ஒரு நாளைக்கு மூன்று வேளை. பார்ப்பதும் கேட்பதும் நாள் முழுக்க! அவருக்கு என்ன புத்தகம், என்ன படம், யாருடைய பேச்சு என்று எந்த வீட்டிலாவது யோசிக்கிறார்களா? என் வீட்டில் யோசிக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் தலைக்குள் ஒரு மந்தம் இருக்கும். மயக்க மருந்தும் வலி மருந்தும் செய்கிற வேலை அது. ஒரு பக்கம் படித்து முடித்ததும் மேலே என்ன படித்தோம் என்று மறந்துபோகும். பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். (வயதானவர்கள் ஆளையும் இடத்தையும் மறந்து குழம்பிப் பேசினால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.) 'லீவுதானே, இத்தனை நாள் படிக்காமல் விட்ட அந்தப் பெரிய நாவலைப் படித்துவிடுவோம்' என்று புதுப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். யார் யாருக்கு மச்சினன் என்று நினைவில் வைப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

என் கட்சி, தெரிந்த கதை. ஏற்கெனவே படித்து, பார்த்து, ருசித்த கதை. அதில் நடுவில் தூங்கிப் போகலாம், விழித்துவிட்டு எங்கிருந்து வேண்டுமானாலும் தொடரலாம். 'ஐயோ, அடுத்து என்ன ஆகுமோ' என்ற படபடப்பு கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் என்றால், அவன் பத்திரமாகக் கடைசிப் பாகம் வரை வருவான் என்று நமக்குத் தெரியும். அந்தத் தைரியமே ஒரு மருந்து.

இன்னொரு சௌகரியமும் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர். ஐந்து பாகம் என்றாலும் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒரு வேளைக்கு ஓர் அத்தியாயம் என்று அளந்து கொடுத்த மாதிரி இருக்கும். தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இன்னும் உத்தமம். ஒவ்வொரு கேஸும் ஒரு குட்டிக் கதை. முட்டாள்தனமாக ஏதாவது செய்து, அதிர்ஷ்டத்தால் திருடனைப் பிடித்துவிடுகிற மனிதர் சாம்பு. உட்கார்ந்த இடத்தில் ஒரு கதை முடிந்துவிடும். ஆனால் தலையணை பக்கத்தில் இருக்கட்டும், சாம்புவும் சிரிக்க வைப்பார்!

ஒரே ஓர் எச்சரிக்கை. கெட்டி அட்டை போட்ட கனமான புத்தகத்தை வயிற்றின் மேல் நிறுத்திப் படிக்கக் கூடாது. முதுகுக்கு இரண்டு தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று, பாதி உட்கார்ந்த நிலை. மெல்லிய புத்தகமாக இருந்தால் நல்லது. கண் ஆபரேஷன் என்றால் எப்போதிலிருந்து படிக்கலாம் என்பதைக் கண் டாக்டர் சொல்வார். அதுவரை காது இருக்கிறது. விவித் பாரதி போதும், யாராவது வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வந்ததா இல்லையா என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வங்கி மேனேஜர். பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தார். மகனிடம், "பரண்ல என் பழைய முத்து காமிக்ஸ் கட்டு இருக்கும். இரும்புக்கை மாயாவியை மட்டும் எடுத்துக் கொடுடா" என்று கேட்டிருக்கிறார். 1972-ல் வர ஆரம்பித்த காமிக்ஸ், இவர் பள்ளிக்கூடம் போகும்போது படித்தது. மகன் என்ன செய்தான் தெரியுமா? "சின்னப்பிள்ளையாப்பா நீங்க?" என்று சிரித்துவிட்டு, மாரடைப்பு பற்றிய முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். மனுஷர் ராத்திரி பூராவும் அதைப் படித்து, அதில் இருந்த அத்தனை அறிகுறியும் தனக்கு இருப்பதாக நினைத்து விடிகாலையில் எனக்குப் போன் போட்டார். "உங்க சர்ஜனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, நான் மகனைக் கூப்பிட்டுப் பரணில் ஏறச் சொன்னேன்.

வியாதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு ஆபரேஷனுக்கு முந்திய வாரம் இருக்கிறது. மருந்தைப் பற்றியும் அப்போதே பேசிவிட வேண்டும். நீங்கள் எந்தச் சித்த மருந்து சாப்பிட்டாலும், வெறும் பூண்டு லேகியமாக இருந்தாலும், சர்ஜனிடம் மறைக்காதீர்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடிய மூலிகைகள் உண்டு. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

'இதெல்லாம் மனசுக்குத்தான், உடம்புக்கு என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேருடைய பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது. 46 பேர் என்பது சின்னக் கணக்குதான். இருந்தாலும் உங்கள் கட்டிலை டி.வி.க்கு எதிரே போடுவதா, வேப்ப மரம் தெரிகிற ஜன்னல் பக்கம் போடுவதா என்று முடிவு செய்ய எனக்கு அது போதும். அணில், காகம், பால்காரர், ஸ்கூல் வேன் என்று விளம்பர இடைவேளை இல்லாமல் ஓடுகிற சேனல் அது!

நார்மன் கசின்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் கதையும் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். கடுமையான மூட்டு, முதுகெலும்பு வலியில் கிடந்தவர், சிரிப்புப் படங்களை வரவழைத்துப் பார்த்தார். பத்து நிமிஷம் நன்றாகச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1979-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அது ஒரு மனிதரின் அனுபவம். அதை வைத்துக்கொண்டு 'சிரித்தால் வியாதி போகும்' என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தையல் எதுவும் இல்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

எங்கள் சாஸ்திரத்தில் பதினாலு வேகங்கள் என்று உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் மாதிரி அடக்கக் கூடாத சமாச்சாரங்கள். அதில் நித்திரை இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. சிரிப்பைச் சேர்க்கவில்லை. ஏனோ தெரியவில்லை. அதை யாரும் அடக்கப் போவதில்லை என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

கண்ணீர் என்றதும்தான் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2014-ல் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி, விடாத ரத்தப்போக்கு, வேறு வழியில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாள். ஹாலில் கட்டில் போட்டோம். கூப்பிட்ட குரலுக்கு யாராவது இருப்பார்களே என்று. நான் வைத்தியன் அல்லவா... சர்ஜனிடம் கேட்டுக்கொண்டு கஞ்சி என்ன, ரசம் என்ன, எந்த வேளைக்கு எது என்று சீட்டு எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். ரொம்பப் பெருமை எனக்கு.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னங்க, பீரோவுல எங்கம்மா பைண்டு பண்ணின தொடர்கதை இருக்கு. லட்சுமி கதை. அதை எடுத்துத் தாரீங்களா?"

உங்களில் பலர் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்திருக்கும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கத்தைப் பிய்த்து, வரிசையாக அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கி வைப்பார்கள். கதைக்கு நடுவே பாதி ஜோக், முடியாத துணுக்கு, பழைய சோப்பு விளம்பரம் எல்லாம் வரும். என் மாமியார் அப்படி ஒரு அலமாரி சேர்த்து வைத்திருந்தார்.

நான் என்ன சொன்னேன்? "அதையே எத்தனை தடவை படிப்பே? அழுமூஞ்சிக் கதை. மனசுக்குத் தெம்பா நல்ல புத்தகம் படி" என்று சொல்லி, தியானம், தன்னம்பிக்கை என்று இரண்டு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். திறந்ததாக ஞாபகம் இல்லை.

ஹாலில் டி.வி. இருந்தது. என் அம்மா சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை சீரியல். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, வேறு பொழுதுபோக்கு கிடையாது. அவர்கள் மேல் தப்பில்லை. ஒருநாள் ராத்திரி நான் வந்தபோது என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்றேன். தலையாட்டினாள். மருந்தை எடுத்துக் கொடுத்தேன். வாதம் மிஞ்சியிருக்கிறது என்று எனக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு ஏன் அழுதாள் என்று ஐந்து வருஷம் கழித்து, என் தையலோடு நான் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் சொன்னாள். சீரியலில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைகிறது. மாமியார்க்காரி 'இனிமே நீ பொம்பளையே இல்லை' என்கிற மாதிரி ஏதோ வசனம் பேசுகிறாள். பின்னணி இசையோடு மூன்று தரம் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டுப் பத்தடி தள்ளிக் கட்டிலில் கிடப்பவள் காதில் அது விழுகிறது. எழுந்து போக முடியாது. டி.வி.யை நிறுத்துங்கள் என்று மாமியாரிடம் சொல்லவும் வாய் வராது.

"சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"லட்சுமி கதையைக் கேட்டதுக்கே லெக்சர் கொடுத்தீங்க" என்றாள்.

பதில் இல்லை என்னிடம். எனக்கு மட்டும் 'போரடிக்குமே' என்று மகன் லேப்டாப் கொண்டு வருகிறான். மருமகள் செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுக்கிறாள். நான் பழைய படம் பார்த்தால் 'ரெஸ்ட் எடுக்கிறார்' என்கிறார்கள். வீட்டுப் பெண்மணி கையில் கதைப் புத்தகத்தோடு படுத்திருந்தால் மட்டும், "என்ன, உடம்பு தேறிட்டா?" என்று கேட்டு, அடுத்த நாள் காய் நறுக்கக் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள்! என் வைத்தியசாலைக்கு வருகிற பெண்களில் எத்தனையோ பேர் கர்ப்பப்பை எடுத்த ஒரே மாதத்தில் தண்ணீர்க் குடம் தூக்கியிருக்கிறார்கள். கனம் தூக்குவது எப்போது, வேலை செய்வது எப்போது என்று ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சர்ஜனிடம் கேட்டு, வீட்டு ஆண்பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் இன்னொரு விஷயமும் எனக்கு உறைத்தது. அந்த லட்சுமி யார்? திரிபுரசுந்தரி என்ற பெயர் கொண்ட டாக்டர். மருத்துவம் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வாழ்ந்து திரும்பி வந்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியவர். 'அழுமூஞ்சிக் கதை' என்று நான் ஒதுக்கியது ஒரு டாக்டரம்மா எழுதிய கதையை! அவர் டாக்டர் என்பதால்தான் படிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. ரமணிசந்திரன் நாவலை எட்டாவது தடவை படிக்க விரும்புகிறவருக்கும் அதே நியாயம்தான். படுத்திருப்பவருக்கு எது பிடிக்குமோ அது. தேர்வு செய்யும் வேலை நமக்கு வேண்டாம்.

நமக்கு இருக்கிற வேலை காவல் வேலை. செய்திச் சேனல் சண்டை, வெட்டுக்குத்துக் கதை, அழுகை சீரியல் இதெல்லாம் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க வருகிறவர்களையும்தான். "என் நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தான், நல்லாத்தான் இருந்தா, திடீர்னு பாருங்க..." என்று ஆரம்பிப்பவரை அடுக்களைக்குக் காபி சாப்பிட அழைத்துப் போய்விடுங்கள். நீங்கள் பார்க்கப் போகிறவராக இருந்தால், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கும். நாலு பழைய வாரப் பத்திரிகை, இல்லாவிட்டால் குறுக்கெழுத்துப் புத்தகமும் ஒரு பென்சிலும் கொண்டு போங்கள். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

படம் பார்ப்பதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, மூன்று மணி நேரப் படத்தை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் தியேட்டரில் பாட்டு வந்தால் வெளியே பீடி பிடிக்கப் போவார்கள். நீங்கள் பாட்டு வந்தால் எழுந்து கட்டிலைச் சுற்றி நடங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' மாதிரி படம் என்றால் நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். வாசித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். நடை தானாக நிதானப்படும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் செல்போன் வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிடித்த கதை, பிடித்த பாட்டு எதிலுமே மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் தாண்டிப் போனாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'சும்மா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா' என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் வைத்தியசாலைக்கு வந்து "அடுத்த வாரம் ஆபரேஷன், என்ன பத்தியம்?" என்று கேட்பவர்களிடம், ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற பையில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறேன். பிளாஸ்க், டம்ளர், துண்டு, ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் இருக்கும். படிக்கிற கண்ணாடியை முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். முதலில் அதை எடுத்து வையுங்கள்.